அரசன் அருளிய சாவும் அறவோர் ஏற்ற நோன்பும்

சேர்வராயன் மலைமேல், ஏற்காட்டில், மகள் இல்லத்தில் நாம் தங்கத் தொடங்கி ஆண்டுகள் சில ஆயின. கதிரவன் மறையுமுன் உணவை முடித்துக்கொள்ளும் நம் வழக்கத்திற்கு இம்மலை சற்றே இடையூறு செய்வதுண்டு. சில நாள்களில் மாலை நான்கு மணிக்கே மூடுபனி இறங்கி, காப்பித் தோட்டங்களையும், அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களையும், அம்மரங்களைப் பற்றிப் படரும் மிளகுக் கொடிகளையும் மறைத்துவிடும். கதிரவன் மறைந்தானா, பனியில் ஒளிந்தானா என்று அறிய இயலாது. கடிகாரத்தைப் பார்த்தே உண்ண வேண்டும். அத்தகைய ஒரு மாலையில், உணவு முடிந்து அமர்ந்திருந்தபோது, ஆட்சிப் பணித் தேர்வுக்காக உலக வரலாறு படித்துக்கொண்டிருக்கும் பேரன் ஒரு வினா எழுப்பினான்.

“பாட்டி, சீன நாட்டில் பேரரசர் ஓர் அமைச்சர்மேல் சினங்கொண்டால் வெண்பட்டுத் துணி ஒன்றை அனுப்பிவைப்பாராம். அமைச்சரும் அதன் பொருளை உணர்ந்து, தம் கையாலேயே தம் உயிரை முடித்துக்கொள்வாராம். நாமோ உண்ணாதிருந்து உயிர் நீத்த அரசர்களைப் போற்றுகிறோம். அங்கும் உயிரை விட்டவர் தாமே விட்டார்; இங்கும் தாமே விட்டார். வேறுபாடு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.”

ஆசிரியப் பணியில் முப்பத்தைந்து ஆண்டுகளும், அவற்றுள் பெரும்பகுதியை ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் கழித்த நமக்கு உடனே விடை கூற இயலவில்லை. ‘அது வேறு, இது வேறு’ என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். பிள்ளையும் மறுத்திருக்க மாட்டான். ஆயினும் அவ்வினா நம் உள்ளத்தில் ஒரு பழைய நிகழ்ச்சியைத் தொட்டுவிட்டது. அதனை இறுதியில் கூறுவோம். முதலில் அவன் கேட்ட வரலாற்றையே சற்று ஆராய்வோம்.

சாவை அருளுதல்

சீனர் இத்தண்டனைக்கு இட்டிருந்த பெயரே நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. ‘சாவை அருளுதல்’ என்பது அச்சொல்லின் பொருள். கொலைக்களத்தில் ஊரார் காண வெட்டுண்டு மடிவது இழிவு. தம் இல்லத்தில், தம் கையால், உடல் சிதையாமல் இறப்பது பெருமை. ஆகவே உயர்குடியினர்க்கும் உயர் அலுவலர்க்கும் அரசன் காட்டும் சலுகை அது எனக் கருதப்பட்டது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜியா யி என்னும் அறிஞர், பெரிய அமைச்சர்களைச் சிறைக் காவலர் கையில் ஒப்படைத்து அவமதித்தல் தகாது என்றும், குற்றம் புரிந்தோர் தம்மைத் தாமே முடித்துக்கொள்ள விடுவதே அரசின் மாண்புக்கு ஏற்றது என்றும் ஹான் பேரரசர் வென்னுக்கு எடுத்துரைத்தார். அவர் கொடியவர் அல்லர். மனிதரின் மதிப்பைக் காக்கவே அவ்வாறு கூறினார். அந்நல்லெண்ணத்திலிருந்தே இரண்டாயிரம் ஆண்டுகள் நீடித்த ஒரு கொடுமை வலுப்பெற்றது.

கி.மு. 210ஆம் ஆண்டில் சின் ஷி ஹுவாங் என்னும் முதற்பேரரசர் பயணத்தில் இறந்துபோனார். வடக்கு எல்லையில் படையுடன் இருந்த மூத்த மகன் ஃபூசுவே அரியணைக்கு உரியவன். ஆனால் அரண்மனை அலுவலர் ஜாவ் காவும் முதலமைச்சர் லீ சூவும் இளைய மகனை அரசனாக்க எண்ணி, மூத்தவன் உயிர் துறக்க வேண்டும் என்று இறந்த மன்னர் பெயரால் பொய்யாணை ஒன்றை அனுப்பினர். உடனிருந்த படைத்தலைவர் மெங் தியன், ‘இது மெய்யாணைதானா என்று கேட்டறிந்து பின் இறந்தால் என்ன?’ என்று தடுத்தார். ‘தந்தை மகனைச் சாகச் சொன்ன பின் கேட்டறிய என்ன இருக்கிறது?’ என்ற கருத்துப்பட விடை கூறி, ஃபூசு அப்போதே உயிர் துறந்தான்.

அவன் கையை எவரும் பற்றி இழுக்கவில்லை. ஆணையோ பொய்யானது, இறக்கச் சொன்னதாகக் கூறப்பட்ட தந்தையோ உயிருடன் இல்லை. ஆயினும் அவனால் ‘மாட்டேன்’ என்று சொல்ல இயலவில்லை. தந்தை சொல்லை மறுப்பவன் மகன் அல்லன் என்று ஊட்டி வளர்க்கப்பட்ட உள்ளத்திற்கு வாளோ காவலோ தேவைப்படவில்லை.

இவ்வழக்கம் பழங்காலத்தோடு ஒழிந்துவிடவில்லை. 1799இல் ஜியாசிங் பேரரசர், தம் தந்தையின் அன்புக்குரியவராய் இருந்து பெருஞ்செல்வம் குவித்த ஹெஷென் என்னும் அமைச்சருக்குப் பட்டுக் கயிற்றை அனுப்பினார். 1901இல், பாக்ஸர் கிளர்ச்சிக்குப் பின் வெளிநாட்டு வல்லரசுகள் வற்புறுத்தியதன்பேரில், சீன அரசவையே இளவரசர் ஜாய்ஷுன் முதலியோர் தம்மை மாய்த்துக்கொள்ள ஆணையிட்டது. சீனரை மட்டும் குறை கூறுதலும் முறையன்று. கி.மு. 399இல் ஏதென்சு நகரத்தார் சாக்ரட்டீசு கையில் நஞ்சுக் கிண்ணத்தைக் கொடுத்தனர். கி.பி. 65இல் உரோமப் பேரரசன் நீரோ தன் ஆசிரியராகிய செனெகாவுக்கே இறக்குமாறு ஆணையனுப்பினான். கொலையைச் செய்யவும் வேண்டும், கையில் குருதி படியவும் கூடாது என்பது ஆள்வோரின் பழைய ஆசை.

ஒருவர் மட்டும் வேறு வழி கண்டார். ஹான் அரசவையின் வரலாற்று ஆசிரியராகிய சிமா சியன், தோற்ற படைத்தலைவர் ஒருவருக்காகப் பரிந்து பேசி, பேரரசர் வூவின் சினத்துக்கு ஆளானார். ஆண்மையழிக்கும் இழிதண்டனை அவருக்கு விதிக்கப்பட்டது. அவர் நிலையிலிருந்தோர் அவ்விழிவை ஏற்பதினும் இறப்பதே தகுதி என உலகம் எதிர்பார்த்தது. அவரோ தந்தை தம்மிடம் ஒப்படைத்துச் சென்ற வரலாற்று நூல் முற்றுப்பெறவில்லை என்பதற்காக, இழிவை ஏற்று உயிர் வாழ்ந்தார். ஏன் இறக்கவில்லை என்பதை நண்பர் ஒருவருக்குக் கடிதமாகவும் எழுதிவைத்தார். ஃபூசுவின் முடிவை நாம் இன்று அறிவதே அவர் நூலின் வாயிலாகத்தான். அவர் அன்று ‘மானத்தோடு’ இறந்திருந்தால், பட்டுத் துணிக்கு இரையானோர் பலரின் கதை நமக்குக் கிட்டியிராது.

மானம் என்னும் சொல்

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே அரசனுக்குப் பட்டுத் துணி அனுப்புவார் எவருமிலர். ஆனால் ‘மானம்’ என்னும் ஆணை உண்டு. அது பேரரசனின் ஆணையினும் வலியது.

வெண்ணிப் போர்க்களத்தில் கரிகாலன் எறிந்த வேல் சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பைத் துளைத்து முதுகிலும் புண் செய்தது. மார்பில் ஏற்ற புண்ணே ஆயினும் முதுகிலும் வடு உண்டாயிற்று என்று நாணி, அவன் வடக்கிருந்து உயிர் நீத்தான். சேரமான் கணைக்கால் இரும்பொறை, சோழன் செங்கணானிடம் சிறைப்பட்டுக் குடவாயிற் கோட்டத்தில் இருந்தபோது, தண்ணீர் கேட்டான். காவலர் காலம் தாழ்த்து, மதியாது கொடுத்த நீரைப் பருகாமல் இறந்தான் என்று புறநானூற்றின் பழங்குறிப்பு கூறுகின்றது. புலவர் பொய்கையார் பாடி அவனை மீட்டார் என்னும் வேறொரு செய்தியும் களவழி நாற்பது என்னும் நூலைச் சார்ந்து வழங்குகின்றது. எது மெய்யாயினும், தமிழுலகம் நினைவில் வைத்துப் போற்றியது நீரை மறுத்த சேரனைத்தான்.

கோப்பெருஞ்சோழனின் கதை இன்னும் நுட்பமானது. பெற்ற மக்களே அவனை எதிர்த்துப் படை திரட்டினர். அவனும் போருக்கு எழுந்தான். புல்லாற்றூர் எயிற்றியனார் என்னும் புலவர் இடைமறித்தார். வென்றால் அந்நாட்டை அம்மக்களுக்கன்றி வேறு யாருக்குக் கொடுக்கப் போகிறாய், தோற்றால் பகைவர் அன்றோ மகிழ்வர் என்னும் பொருள்படப் பேசினார். சோழன் படையை விடுத்து உறையூரை நீங்கி வடக்கிருந்தான். முன்பின் கண்டிராத பாண்டிநாட்டு நண்பர் பிசிராந்தையார் வந்து உடன் அமர்ந்து உயிர் நீத்த செய்தியை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர்.

ஆயின் பாடநூல்கள் பெரிதும் பேசாத ஒரு செய்தி உண்டு. பொத்தியார் என்னும் புலவரும் அரசனுடன் வடக்கிருக்க விரும்பினார். அவர் மனைவி அப்போது கருவுற்றிருந்தாள். மகன் பிறந்த பின் வா என்று கூறி, அரசன் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டான். தான் இறக்கத் துணிந்து அமர்ந்திருந்த நிலையிலும், பிறன் ஒருவனின் சாவை அவன் அவசரமாக ஏற்கவில்லை. இல்லத்தில் உனக்குக் கடமை உள்ளது என்று நினைவூட்டினான். கோப்பெருஞ்சோழனின் புகழுக்கு இந்த மறுப்பு ஒன்றே போதும் என்று நமக்குத் தோன்றுகிறது.

இங்கே நம் சமயத்தார் கருத வேண்டிய ஒன்று உண்டு. தமிழ்ச் சான்றோர் வழக்கில் மானம் என்பது உயிரினும் பெரிது. திருக்குறளில் அதற்கு ஓர் அதிகாரமே உண்டு. நம் ஆகமங்களிலோ, குரோதம், மானம், மாயை, லோபம் என்று ஆன்மாவைக் கட்டும் கஷாயங்கள் நான்கனுள் இரண்டாவது மானமே! அங்கே அது செருக்கு. சொல் ஒன்று, பொருள் இரண்டு. தமிழராகவும் சமணராகவும் வாழும் நம்மவர்க்கு இவ்விரண்டும் ஓரில்லத்தில் குடியிருக்கின்றன. இழிசெயல் புரிய நாணுவது முதற்பொருள், அது காப்பு. பிறர் பார்வையில் தாழ்ந்துவிட்டேனே என்று உயிரை விடுவது இரண்டாம் பொருள், அது கட்டு. முதுகில் வடுவோடு பெருஞ்சேரலாதன் வாழ்ந்திருந்தால் எந்த அறம் குன்றியிருக்கும் என்று இன்று அமைதியாக எண்ணிப் பார்த்தால், ஒன்றும் குன்றியிராது என்றே கூறத் தோன்றுகிறது. அவனைச் சாகச் சொன்னது ஊரார் கண்.

நம் அரசர்கள்

இனிப் பேரனின் வினாவில் உள்ள முள்ளைத் தொடுவோம். கங்க மன்னன் இரண்டாம் மாரசிம்மன் நம் சமயம் போற்றும் பேரரசன். அவன் காலத்தில், 973இல், இராட்டிரகூடப் பேரரசைச் சாளுக்கியத் தைலபன் வீழ்த்தினான். தன் உறவினனாகிய இராட்டிரகூட இளவரசன் நான்காம் இந்திரனை அரியணையேற்ற மாரசிம்மன் முயன்றான்; அது நிலைக்கவில்லை. 975ஆம் ஆண்டளவில் அவன் அரசைத் துறந்து, பங்காபுரத்தில் அஜிதசேன ஆசாரியரின் திருவடியில் மூன்று நாள் நோன்பிருந்து உடல் நீத்தான். 982இல் அவ்விந்திரனும் சிரவணபெளகொளத்தில் சல்லேகனையால் உயிர் நீத்தான். அங்குள்ள கல்வெட்டு அவன் பந்தாட்டத் திறனையும் பாராட்டிப் பேசுகின்றது! கங்கர் அமைச்சர் சாமுண்டராயர் 981ஆம் ஆண்டளவில் எழுப்பிய கோமடேசுவரர் திருவுரு எதிர்க்குன்றில் நிற்கும் அதே ஊரில், ஓராண்டு இடைவெளியில் நிகழ்ந்தது இது.

இவர்கள் நாட்டை இழந்ததனால் உயிரை விட்டனரா? பற்றை இழந்ததனால் உடலை விட்டனரா? கல்வெட்டு புறச்செயலைக் கூறும், அகத்தைக் காட்டாது. ஆனால் ஒன்று கூறலாம். அரசை இழந்த மன்னனுக்குத் துறவு என்னும் வாயில் நம் நெறியில் எப்போதும் திறந்தே இருந்தது. மாரசிம்மன் இறக்க வேண்டும் என்று பங்காபுரத்தில் எவரும் காத்திருக்கவில்லை. அவன் முனிவராக நெடுநாள் வாழ்ந்திருந்தாலும் அதே கல்வெட்டு அவனை அதே அளவு போற்றியிருக்கும். ஃபூசுவுக்கு அந்த இரண்டாம் வாயில் இல்லை.

தமிழ்நாட்டிலும் இத்தகைய நினைவுகள் பல. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பொறித்த பாறை உண்டு. ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை அங்கே உள்ளது. முப்பது நாள் நோற்ற இளைய பட்டாரரின் கல்வெட்டும் அங்கே உண்டு. நாம் இருக்கும் இம்மலைக்கு மேற்கே, கொங்கு நாட்டு விசயமங்கலத்தில், சாமுண்டராயரின் தங்கையாருக்கு நிசீதிகை இருக்கின்றது. ஐம்பத்தேழு நாள் என்னும் எண்ணிக்கையைக் காணுந்தோறும் நாம் வேறொன்றை நினைப்பதுண்டு. அவ்வைம்பத்தேழு நாள்களிலும் ஒவ்வொரு காலையும் அவர் விரும்பினால் எழுந்துவிடலாம். நெடிய நோன்பின் ஒவ்வொரு நாளும் ஒரு புதிய வினா. ஒவ்வொரு நாளும் ஒரு புதிய விடை. பட்டுத் துணி ஒரே ஒரு முறைதான் கேட்கும், விடைக்கும் காத்திராது.

ஆசான் மறுத்த நோன்பு

சல்லேகனை என்பதன் பொருள் ‘மெலிவித்தல்’ ஆகும். உடலை மட்டுமன்று, கஷாயங்களையும் மெலிவித்தல். தவிர்க்கவியலாத இடையூறு, கொடும்பஞ்சம், மூப்பு, தீராப் பிணி ஆகிய நிலைகளில் மட்டுமே இது ஏற்கத்தக்கது என்று சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் வரையறுத்தது. தமிழில் அருங்கலச்செப்பும் அவ்வழியே செல்கின்றது. எல்லாரையும் மன்னித்து, எல்லாரிடமும் மன்னிப்பு வேண்டி, திட உணவை விட்டுப் பால் முதலியவற்றுக்கும், பின் வெந்நீருக்கும் படிப்படியாகக் குறைத்தலே முறை. வாழ்வு நீள வேண்டும் என்னும் ஆசை இந்நோன்புக்குக் குற்றம். விரைவில் சாவு வர வேண்டும் என்னும் ஆசையும் அதே அளவு குற்றம். இப்பின்னதை நம்மவர் மறந்துவிடலாகாது. சாவை விரும்பும் நெறியன்று நம் நெறி.

சமந்தபத்திரரைப் பற்றியே நம்மிடையே ஒரு வரலாறு வழங்குகின்றது. துறவியாய் இருந்த அவருக்கு, எவ்வளவு உண்டாலும் அடங்காத கொடும்பசியை உண்டாக்கும் பஸ்மகம் என்னும் நோய் கண்டது. துறவொழுக்கத்துக்கு இழுக்கு நேருமே என்று அஞ்சி, சல்லேகனை ஏற்க ஆசானிடம் அனுமதி வேண்டினார். ஆசான் மறுத்தார்! உன்னால் அறத்துக்கு ஆக வேண்டியது இன்னும் மிகுதி. துறவுக் கோலத்தை வேண்டுமானால் விடு, உண்டு பிணி தீர்த்துக்கொள், பின் மீண்டு வா என்று பணித்தார். அவரும் அவ்வாறே செய்து, நலம் பெற்று, மீண்டும் தீட்சை ஏற்றார் என்பர்.

சல்லேகனையின் இலக்கணத்தை நமக்கு எழுதித் தந்த பெருமகனுக்கே அது ஒருமுறை மறுக்கப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். துறவுக் கோலத்தையே களைய நேர்ந்தது எத்துணைப் பெரிய இழிவாக அவருக்குத் தோன்றியிருக்கும்! சிமா சியனைப் போல அவரும் இழிவை ஏற்று வாழ்ந்தார். வாழ்ந்து பணியை முடித்தார். சீன அரசனின் தூதர் இறந்த செய்தியைக் கேட்காமல் திரும்ப மாட்டார். நம் ஆசானோ ‘போ, உண்டு வா’ என்று அனுப்பக் கூடியவர். அவ்வாறு மறுக்கும் ஆசான் ஒருவர் நடுவில் இருப்பதனால்தான் நோன்பு நோன்பாகிறது.

அத்தையின் பசி

இதுவரை கூறியவை நூல்களில் உள்ளவை. இனிக் கூறுவது நம் இல்லத்தில் நிகழ்ந்தது.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், நாம் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிவந்த காலம். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், எண்பது வயது கடந்த நம் அத்தை வழுக்கி விழுந்து படுக்கையில் ஆழ்ந்தார். கைம்பெண்ணாய், உறவினர் இல்லத்தில் வாழ்ந்தவர். பிணி தீராதது என்று மருத்துவர் எவரும் கூறவில்லை. உறவினர் ஒருவர் மட்டும், “இந்த வயதில் சல்லேகனை கிடைத்தால் பெரும்பேறு அல்லவா?” என்று தொடங்கினார். ஆசாரியர் எவரையும் கேட்கவில்லை. அத்தை தலையசைத்தார் என்று செய்தி பரவியது. ஊரார் வந்து வணங்கிச் செல்லலாயினர். நாமும் விடுப்பெடுத்துச் சென்று வணங்கினோம், பெருமையும் கொண்டோம்.

இரண்டாம் நாள் இரவு அவர் அருகே படுத்திருந்தோம். நள்ளிரவில் நம் கையைத் தொட்டு, “பாப்பா, பசிக்கிறது. யாரிடமும் சொல்லிவிடாதே” என்றார்.

நாம் எழவில்லை. இரவில் உண்ணலாகாது என்னும் நியமம் நம் நினைவுக்கு வந்தது. அது வந்தது நமக்கு வசதியாகவும் இருந்தது. உண்மையில் நாம் அஞ்சியது நியமத்தை மீறவன்று. வெளித்திண்ணையில் உறங்கிக்கொண்டிருந்த உறவினரை எதிர்கொள்ளவே அஞ்சினோம். விடியும் வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு விழித்திருந்தோம். கதிரவன் எழுந்த பின் கஞ்சி காய்ச்சி எடுத்துச் சென்றோம். இல்லத்தில் சினந்தவர் உண்டு. ‘புண்ணியத்தைக் கெடுத்தாள்’ என்ற சொல்லும் நம் காதில் விழுந்தது. அத்தை ஒரு கிண்ணம் முழுவதும் பருகினார்.

சில நாள் கழித்து, “பின் ஏன் அத்தை தலையசைத்தீர்கள்?” என்று கேட்டோம். “எல்லோரும் பேறு, பேறு என்றார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை” என்றார்.

பயிற்சிப் பள்ளியில் இளம் ஆசிரியர்களுக்கு நாம் ஆண்டுதோறும் கூறிவந்த ஒன்று அப்போது நம்மையே சுட்டது. வகுப்பில் ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள், நாற்பது பிள்ளைகளும் ‘புரிந்தது’ என்று ஒரே குரலில் கூறுவர், அவ்விடைக்கு மதிப்பில்லை, ‘புரியவில்லை’ என்று கூறும் பிள்ளைக்கு உங்கள் வகுப்பில் என்ன நேர்கிறது என்பதைப் பொறுத்தே ‘புரிந்தது’ என்பதன் மதிப்பு அமையும் என்று கற்பித்தோம். பிறர்க்குக் கற்பித்த அதனை, அத்தையின் தலையசைப்பைக் கேட்டபோது நாம் மறந்தோம்.

அத்தை அதன்பின் ஒன்றரை ஆண்டு வாழ்ந்தார். சுவரைப் பிடித்து நடந்தார்; அவரைக்காய் ஆய்ந்து கொடுத்தார்; பிள்ளைகளுக்கு நமோகாரம் சொல்லித் தந்தார். இறுதி நாள்களில் உடல் உணவை ஏற்கவில்லை. அவரே ஒவ்வொருவராக அழைத்து மன்னிப்புக் கேட்டார். சினந்த அவ்வுறவினரையும் அழைத்தார். நாம் கஞ்சியை நீட்டியபோது, “இப்போது வேண்டாம் பாப்பா” என்றார். அந்த ‘வேண்டாம்’ அவருடையது. முன்னைய தலையசைப்பு ஊராருடையது.

கேட்க வேண்டிய வினா

2015 ஆகஸ்டு 10ஆம் நாள் இராசசுத்தான் உயர்நீதிமன்றம் சந்தாரா எனப்படும் இந்நோன்பைத் தற்கொலைக்கு ஒப்பாக்கித் தீர்ப்பளித்ததும், நாடெங்கும் நம் சமயத்தார் மௌன ஊர்வலம் சென்றதும், அதே மாதம் 31ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்ததும் வாசகர் அறிந்தவையே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டித்த பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. ஆனால் தற்கொலைக்குத் தூண்டுதல் இன்றும் குற்றமே. துன்புற்றவரை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் நிற்கும் கையைத் தேடும் நிலைக்குச் சட்டம் வந்திருக்கிறது. நாமும் நம் இல்லங்களில் தேட வேண்டியது அந்தக் கையைத்தான்.

நோன்பின் உரிமைக்காக நீதிமன்றத்தில் வாதாடும் நாம், அந்நோன்பை ஏற்காதிருக்கும் உரிமையையும் முதியோர்க்கு அதே உறுதியோடு காத்துத் தருகிறோமா? ஒருவர் இந்நோன்பை நாடினால் நாம் கேட்க வேண்டிய வினா, ‘இவர் ஒப்புக்கொண்டாரா?’ என்பதன்று. ‘இவர் வேண்டாம் என்றிருந்தால் இவருக்கு என்ன நேர்ந்திருக்கும்?’ என்பதே. அதே அன்பும், அதே கஞ்சியும், அதே மதிப்பும் கிடைத்திருக்குமாயின், அவர் ஒப்புதல் மெய்யானது. முகம் சுளிப்பும், ‘இவ்வளவுதானா உங்கள் பக்தி’ என்னும் ஏளனமும் கிடைத்திருக்குமாயின், நாம் அவருக்கு அனுப்பியது பட்டுத் துணியே; ஆகமச் சொற்களைப் பொறித்து அனுப்பினோம், அவ்வளவே. முதியவர் கேளாதபோது சல்லேகனையின் பெயரை அவர் படுக்கையருகே எவரும் எடுக்கலாகாது. தனியே, உறவினர் இல்லாத வேளையில், ஆசாரியரோ அறிந்தவரோ அவரைக் கேட்க வேண்டும். எந்நாளிலும் மனம் மாறலாம் என்பதைக் கூறி, அதில் இழிவில்லை என்பதையும் உணர்த்த வேண்டும்.

இவற்றை எல்லாம் பேரனிடம் கூறினோம். அத்தையின் கதையையும், நள்ளிரவில் நாம் எழாததையும் மறைக்காமல் கூறினோம். அவன் நெடுநேரம் பேசவில்லை. பின், “பாட்டி, உங்களுக்கு அந்த நிலை வந்தால்?” என்றான்.

“நாமே கேட்டால் ஆசாரியரிடம் அழைத்துப் போ. அவர் மறுத்தால் மகிழ்ச்சியோடு திரும்ப அழைத்து வா. நாம் கேட்காவிட்டால் வேளைக்குக் கஞ்சி கொடு. இரவில் பசிக்கிறது என்றால் ‘பாட்டிக்கு நியமம் உண்டு’ என்று நினைவூட்டாதே. எழுந்து அடுப்பைப் பற்றவை, பருகுவதா வேண்டாமா என்பதை நாம் பார்த்துக்கொள்கிறோம்” என்றோம்.

பனி விலகியிருந்தது. மலைச்சரிவின் கீழே சேலம் நகரின் விளக்குகள் தெரிந்தன.